தையல் இயந்திரத்துக்கு முன்னும் பின்னும்: துணியும் உடையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்துத் தையல் வகுப்பில் கற்பித்து வருகிறேன். பாபினில் (மிஷினின் கீழ்நூலைச் சுற்றி வைக்கும் சிறு உருளையில்) நூல் சுற்றக் கற்றுக்கொண்ட கையோடு பலரும் அதே சில ஐயங்களை எழுப்புகிறார்கள். தீபாவளிக்கு முன் தேக்கா நிலையத்து மாடியில் துணி எடுக்கப் போகும்போது உடன் வருகிறவர்களும் அவற்றையே கேட்பதுண்டு. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

தையல் மிஷின் வர்றதுக்கு முன்னாடி எல்லாத் துணியும் கையாலதான் செஞ்சாங்களா?

ஓர் உடை உருவாக மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: பஞ்சை நூலாக நூற்பது, நூலைத் துணியாக நெய்வது, துணியை வெட்டித் தைப்பது. இம்மூன்றும் ஒரே காலத்தில் இயந்திரத்துக்கு மாறவில்லை. குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் தறி நாடாவைக் கயிறு இழுத்து ஓடவிடும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் கே 1733 இல் காப்புரிமை பெற்றார். ஒரே நேரத்தில் பல கதிர்களில் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகளில்) நூற்கும் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி 1760களிலும், ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்புச் சட்டம் 1769 இலும் வந்தன. கார்ட்ரைட் தம் விசைத்தறிக்கு 1785 இல் காப்புரிமை பெற்றார். வேலைக்கு உதவக்கூடிய தையல் இயந்திரமோ 1850களில்தான் பரவத் தொடங்கியது.

ஆகவே, ஆலையில் நூற்று ஆலையில் நெய்த துணியை இரண்டு தலைமுறைக்கும் மேலாக மக்கள் கையால் தைத்துத்தான் உடுத்தினார்கள். நம் வீட்டுக்குள் வந்து நின்ற ஒரே துணி இயந்திரம் தையல் மிஷின் என்பதால், எல்லாம் அதிலிருந்து தொடங்கியது போன்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிட்டது.

பஞ்சு எப்படி நூலாகுது? பஞ்சை இழுத்தா பிய்ஞ்சுதானே போகுது?

பிய்ந்து போகாமல் காப்பது முறுக்கு. பருத்தியின் தனி இழை பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். பல இழைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இழுத்து முறுக்கும்போது அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. முறுக்கு தளர்ந்தால் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் பல. காயிலிருந்து எடுத்த பருத்தியை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால், கொட்டை இந்தப் பக்கமே தங்கிவிடப் பஞ்சு மட்டும் மறுபக்கம் வரும். பிறகு வில்லின் நாணைப் பஞ்சுக் குவியலுக்குள் வைத்து அடிப்பார்கள். நாண் அதிர அதிர இழைகள் பிரிந்து, தூசும் தும்பும் உதிர்ந்துவிடும். அப்படிப் பிரிந்த பஞ்சை மென்மையாக உருட்டிப் பட்டையாக்கி, அதன் நுனியைக் கதிரில் சேர்த்து இழுத்து முறுக்கினால் நூல் கிடைக்கும். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. கதிரின் அடியில் பாரமாக இருந்து அதைச் சீராகச் சுழல வைக்கும் சிறு வட்டு அது. இராட்டை இந்தியாவுக்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

ஒரு வேட்டிக்கு நூல் நூற்க எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 72 அங்குல நீளம், 50 அங்குல அகலம். அங்குலத்துக்கு 60 பாவிழை (நீளவாக்கு நூல்), 60 ஊடையிழை (குறுக்குவாக்கு நூல்) என்று வைத்துக்கொண்டால், நீளவாக்கில் 3,000 இழைகளும் குறுக்குவாக்கில் 4,320 இழைகளும் தேவைப்படும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நூல். இராட்டையில் மணிக்கு 300 மீட்டர் நூற்க முடியும் என்று எடுத்துக்கொண்டாலும் 37 மணி நேரம் ஆகும். கொட்டை நீக்குவதும் வில் அடிப்பதும் நெய்வதும் இதில் சேரவில்லை.

அதே வேட்டியின் இரு முனைகளையும் மடித்துக் கையால் தைக்க ஒரு மணி நேரம் கூடப் பிடிக்காது. ஆடை வரலாற்றில் நான் மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொல்லும் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: மனித உழைப்பை விழுங்கியது நூற்பு, தையல் அதன் வாலில் தொங்கிய சிறு வேலை. ஒரு நெசவாளர் தறியை ஓயாமல் ஓட்ட வேண்டுமானால், அவருக்கு நூல் கொடுக்க நான்கைந்து பேராவது நூற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் பெண்கள் செய்த, மிகக் குறைந்த கூலி கிடைத்த வேலை அது. பழைய துணியை மக்கள் ஏன் கிழிந்து நைந்து போகும்வரை ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தறியில உட்கார்ந்தவுடனே நெய்ய ஆரம்பிச்சிடலாமா?

முடியாது. நெசவுக்கு முந்தைய ஆயத்தமே பெரும் வேலை. நெசவாளர் ஊர்களில் விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பரவும் முன்பே காய்ந்துவிடும். மழை வந்தால் வேலையே நடக்காது. தறியில் அச்சோடு (ஊடையைத் தட்டி நெருக்கும் சீப்பு போன்ற சட்டத்தோடு) உரசி உரசிப் பாவிழை அறுந்துவிடாமல் காப்பது இந்தக் கஞ்சிதான். அதன் பிறகு ஒவ்வோர் இழையையும் விழுதிலும் (பாவிழைகளை மேலே எழுப்பும் கண்ணிகளிலும்) அச்சிலும் புகுத்த வேண்டும், அல்லது தறியில் எஞ்சியிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். முந்தைய கணக்கின்படி ஒரு வேட்டிப் பாவுக்கே 3,000 பிணைப்புகள்.

குழித்தறியில் நெசவாளர் தரையின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிகளைக் காலால் இயக்குவார். ஒரு மிதியை அழுத்தினால் பாவிழைகளில் ஒரு பாதி மேலே எழும். அந்த இடைவெளியில் ஊடை நூல் வைத்த நாடா ஓடும். அச்சு அதைத் தட்டி நெருக்கும். அடுத்த மிதி மறுபாதியை எழுப்பும்.

நம்ம ஆளுங்க புடவை, வேட்டின்னு தைக்காததைத்தானே கட்டினாங்க? அப்போ தையலே வெளியிலேர்ந்து வந்ததா?

முதல் பாதி பெருமளவு சரி, இரண்டாம் பாதி தவறு. காதுள்ள எலும்பு ஊசிகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பே சைபீரியா போன்ற குளிர்ப் பகுதிகளில் பயன்பட்டன. தமிழகத்துக்கு வந்தால், சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது அங்கே தொழில் செய்தோர் வரிசையில் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. துணி தைப்பவர்களை ஒரு தொழிற்பிரிவாகவே அந்நகரம் அறிந்திருந்தது.

வெட்டாத உடை பரவலாக இருந்ததற்குத் தட்பவெப்பம் ஒரு காரணம். இன்னொன்று சிக்கனம். 37 மணி நேரம் நூற்ற நூலில் நெய்த துணியைக் கத்தரித்துத் துண்டுகளைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? கரை, உடல், முந்தானை என்று உடைக்கு வேண்டிய அனைத்தையும் நெசவாளரே தறியில் முடித்துத் தந்துவிடுகிறார். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் புரட்டிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்றிருக்க, இரண்டும் சேரும் இடத்தில் தையலே இராது. மூன்று நாடாக்களை ஓட்டி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்படி நெய்திருப்பார்கள். கைத்தறியில் இதற்குப் பக்கத்தில் ஓர் உதவியாளர் அமர்ந்து ஒரு நாடாவைத் தள்ளிக் கொடுப்பது வழக்கம்.

கையால தைச்சது சீக்கிரம் பிரிஞ்சிடாதா?

எந்தத் தையல் என்பதைப் பொறுத்தது. மேலும் கீழுமாக ஊசியை ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகத் தளரும். ஒரு தையல் நீளம் முன்னே போய், பாதி பின்னே வந்து குத்தும் கெட்டித் தையல் அப்படித் தளராது. ஒரு தையல் அறுந்தாலும் அண்டையில் இருப்பவை பிடித்துக்கொள்ளும். சட்டையின் தோள், அக்குள் போன்ற இழுபடும் இடங்களை அந்தக் காலத்தில் இப்படித்தான் தைத்தார்கள்.

சில இடங்களில் இன்றும் கைதான் மேல். பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது நல்ல தையற்காரர் மேல்பக்கத்துத் துணியின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசியில் கோத்து எடுப்பார். உடுத்தினால் தையல் வெளியே தெரியாது. மிஷினில் அடித்த ஃபால்ஸ் கோடு போட்டாற்போல் தெரியும். அவசரத்துக்கு அதுவும் பரவாயில்லை, ஆனால் பட்டுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

மிஷினைக் கண்டுபிடிச்சது சிங்கர்தானே?

பெயர் நிலைத்தது அவருடையது, கண்டுபிடிப்பு பலருடையது. 1790 இல் லண்டனில் தாமஸ் செயின்ட் தோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணம் 1874 வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830 இல் சங்கிலித் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, இராணுவச் சீருடை தைக்கப் பாரிஸில் 80 இயந்திரங்களை நிறுவினார். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் 1830களில் இரண்டு நூல் கொண்டு தைக்கும் முறையைக் கண்டும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டார். ஊசியின் காதை நுனியில் வைத்து, கீழே ஒரு நாடாவால் இரண்டாம் நூலைக் கோக்கும் முறைக்கு 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றவர் எலியாஸ் ஹோவ். அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு 250 தையல்கள் போட்டது.

ஐசக் சிங்கர் 1851 இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசி நேர்மேலிருந்து கீழே இறங்கியது. துணி கிடைமட்ட மேசையில் கிடந்தது. காலால் மிதித்து ஓட்ட முடிந்தது. ஹோவ் வழக்குத் தொடுத்து வென்றார்; சிங்கர் அவருக்கு உரிமைத்தொகை கட்ட நேர்ந்தது. வழக்குகள் குவியவே, 1856 இல் ஹோவும் சிங்கர் உள்ளிட்ட நிறுவனங்களும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கின. அந்த ஏற்பாடு 1877 வரை நீடித்தது. அதே காலத்தில் சிங்கர் நிறுவனம் தவணை முறை விற்பனையையும் தொடங்கியது. அந்தப் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பொறியியலை விடத் தவணைச் சீட்டே பெரிய காரணம் என்பது என் கருத்து.

மேல் நூல் ஒண்ணு, கீழ் நூல் ஒண்ணு. எதுக்கு ரெண்டு?

கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. இயந்திரத்தால் ஊசியை விட்டுவிட்டு மறுபக்கம் போய்ப் பிடிக்க முடியாது. எனவே ஊசி நுனியிலுள்ள காதில் நூலோடு கீழே இறங்கி, சற்றே மேலே எழும்புகிறது. அப்போது ஊசிக்குப் பின்னால் நூல் சிறு கண்ணியாகத் தளர்கிறது. சுழலும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல் நூல் கீழ் நூலைக் கோத்துக்கொண்டு இறுகும் அந்த முடிச்சு துணியின் நடுவே மறைந்துவிட வேண்டும். முடிச்சு மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூலின் டென்ஷன் (இறுக்கம்) அதிகம், அடியில் தெரிந்தால் குறைவு என்று பொருள்.

ஒற்றை நூலிலும் தைக்கலாம். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பது அப்படித்தான்: சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்துவிடும். திமோனியேயின் இயந்திரம் போட்டதும் இந்தச் சங்கிலித் தையல் வகைதான்.

மிஷின் வந்ததும் தையற்காரங்க வேலையெல்லாம் போயிடுச்சா?

போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். மேலே சொன்ன திமோனியேயின் பாரிஸ் பட்டறைக்குள் 1831 இல் தையற்காரர்கள் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். அவர் 1857 இல் வறுமையில் இறந்தார். ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கும் மேல், இயந்திரத்தில் ஒன்றேகால் மணி என்று 1860களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று கணக்குக் காட்டியது. விற்பவர் சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், வேறுபாடு மிகப் பெரிது.

நடந்தது வேறு. உடை மலிந்தது, வாங்குவோர் பெருகினர், கொசுவமும் மடிப்பும் கூடின. தைப்பவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. ஆனால் ஓர் உடைக்குக் கிடைத்த கூலி சரிந்தது. வீட்டிலும் நெருக்கடியான பட்டறைகளிலும் நள்ளிரவு வரை தைத்த பெண்களுக்கு இயந்திரம் ஓய்வு தரவில்லை. தவணைக் கடனைத்தான் தந்தது. இந்தியாவில் பெருமளவு அழிந்த தொழில் கைநூற்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைநூல் வந்து குவிந்தபோது நெசவாளர்களில் பலர் அந்த மலிவான நூலையே வாங்கி நெய்து தாக்குப்பிடித்தார்கள். நூற்ற பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

காந்தி இயந்திரத்தை எதிர்த்தாரே, தையல் மிஷினையுமா?

இல்லை. 1924 இல் இது குறித்துக் கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்தைப் பயனுள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அவர் எடுத்துக்காட்டி விதிவிலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்றும் கூறினார். பல பெண்களோடு பல குடும்பங்கள் நடத்திய சிங்கரின் வரலாற்றை அறிந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்டால் புன்னகைப்பார்கள். இராட்டையை அவர் ஏன் கையில் எடுத்தார் என்பது முந்தைய பதிலின் கடைசி வரிகளோடு சேர்த்துப் படித்தால் விளங்கும்.

எஸ், எம், எல்னு அளவு எப்போ வந்தது?

மாலுமிகளுக்கும் படைவீரர்களுக்குமான ஆயத்த உடை இயந்திரத்துக்கு முன்பே இருந்தது; தொளதொளவென்று இருந்தாலும் யாரும் கேட்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இலட்சக்கணக்கில் சீருடை தைக்க வேண்டியிருந்ததால் வீரர்களின் உடல் அளவுகள் திரட்டப்பட்டன. மார்பளவும் இடுப்பளவும் சில குறிப்பிட்ட சேர்க்கைகளிலேயே திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. 1863 இல் எபனேசர் பட்டரிக் அளவு வாரியான காகித வெட்டுப்படிகளை விற்கத் தொடங்கினார்.

சிங்கப்பூர்ல துணி செஞ்சிருக்காங்களா, இல்ல எல்லாமே இறக்குமதியா?

துணி பெரும்பாலும் கப்பலில் வந்ததுதான். இத்தீவில் ஆங்கிலேயர் 1819 இல் கால்வைப்பதற்கு வெகு காலம் முன்பே, சோழமண்டலக் கரையின் துணி இந்த வட்டாரத்தில் நறுமணப் பொருள்களுக்கு ஈடாகக் கைமாறியது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து வந்த கட்டம்போட்ட கைலித் துணி மலாய் மக்களிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தது. பின்னாளில் அரபு ஸ்ட்ரீட்டில் அரபு, இந்திய முஸ்லிம் வணிகர்களும், ஹை ஸ்ட்ரீட்டில் சிந்தி, சீக்கிய வணிகர்களும் துணிக்கடை நடத்தினார்கள்.

தையலில் இவ்வட்டாரத்துக்கென்று ஒரு சாதனை உண்டு: பெரனாக்கான் பெண்கள் அணியும் மேலாடையான நோன்யா கெபாயா. அதன் விளிம்பில் ஓடும் பூவேலையைப் பலர் கைவேலை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மிதி மிஷினில் செய்தது. ஊசிக்காலைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, கையாலேயே அப்படியும் இப்படியும் நகர்த்தி ஊசியால் வரைவார்கள். பூவுக்கு நடுவே துணியை வெட்டியெடுத்து, அந்த ஓட்டைக்குக் குறுக்கே நூலைப் பாலம்போல் தைத்து நிரப்புவதைக் கெராவாங் என்பார்கள். காலின் வேகமும் கையின் வேகமும் ஒரு கணம் பிசகினாலும் ஓட்டை கிழிந்துவிடும். கெபாயா 2024 இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன.

1960களிலும் 70களிலும் இங்கே ஆடைத் தொழிற்சாலைகள் பெருகி, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். மேலை நாடுகள் 1974 முதல் 2004 முடிய ஒவ்வொரு நாட்டுக்கும் ஆடை இறக்குமதி வரம்பு வைத்திருந்தன. சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு இருந்தது. 1979 இல் அரசு ஊதியத்தை வேண்டுமென்றே உயர்த்தும் கொள்கையைக் கொண்டுவந்த பின், தையல் வேலை படிப்படியாக அண்டை நாடுகளுக்குப் போயிற்று.

டி-ஷர்ட்டும் தறியில நெய்ததா?

இல்லை, அது பின்னல் துணி. நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. பின்னலில் நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படுவதால் துணி இழுபடும். வில்லியம் லீ 1589 இல் காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தார். நெசவுக்கு முன்பே பின்னலில் இயந்திரம் வந்துவிட்டது. திருப்பூர் பனியன் துணி வட்டமாகச் சுழலும் பின்னல் இயந்திரத்திலிருந்து குழாய்போல் இறங்குகிறது. அதைச் சாதாரண மிஷினில் நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். அதனால்தான் துணியோடு சேர்ந்து இழுபடும் ஓவர்லாக் தையல் தேவைப்படுகிறது.

பத்து வெள்ளிக்கு வாங்கின சட்டையைச் சின்னதாக்க அதே அளவு காசு கேக்குறாங்களே, நியாயமா?

நியாயம்தான். நூற்பும் நெசவும் இன்று ஏறக்குறைய முழுமையாக இயந்திரத்தின் பொறுப்பு, துணி மலிந்துவிட்டது. தையலில் மட்டும் மனிதக் கை விலகவில்லை. தொழிற்சாலை மிஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் போடும். ஆனால் தொய்ந்து, நழுவி, நெளியும் துணியின் இரு விளிம்புகளைச் சேர்த்து வைத்து ஊசிக்குக் கொடுப்பதை ஒருவர் செய்தாக வேண்டும். ரோபோக்கள் தகட்டை எளிதாகக் கையாளுகின்றன, துணியிடம் திணறுகின்றன.

வேட்டிக் கணக்கில் பார்த்த விகிதம் இப்போது தலைகீழ். உங்கள் பத்து வெள்ளிச் சட்டையைத் தைத்தவர் வேறொரு நாட்டில் அந்நாட்டுக் கூலிக்கு, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் தைத்தவர். இங்கே திருத்துபவர் சிங்கப்பூர் வாடகை கட்டி, உங்கள் ஒரு சட்டைக்காகப் பக்கத்துத் தையலைப் பிரித்து, கையையும் கழற்றி, குறைத்து, மறுபடி பூட்டுகிறார். பிரிப்பதற்கு மிஷின் கிடையாது.

பாட்டியோட பழைய மிதி மிஷின் வீட்டுல இருக்கு. ஓட்ட முடியுமா? எந்த வருஷத்துது?

பெரும்பாலும் முடியும். இங்கத்து ஈரப்பதத்தில் துருவும், காய்ந்து பிசினான எண்ணெயும்தான் முதல் எதிரிகள். தையல் மிஷின் எண்ணெயை மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுச் சிக்கிக்கொண்ட மிஷின்கள் பல. தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் சிறிது வெட்டி மறுபடி கம்பி கோக்கலாம். சக்கரம் உங்களை நோக்கிச் சுழல வேண்டும். மிதிக்கும்போது பின்னோக்கிப் போனால் நூல் அறுந்து சிக்கும். ஊசியை மாட்டும்போது, நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கத்தைப் பார்க்கட்டும். வீட்டு சிங்கர் மிஷின்களில் பலவற்றுக்கு இன்று கடையில் விற்கும் சாதாரண ஊசியே பொருந்தும்.

ஆண்டை அறியச் சிங்கர் மிஷினின் அடிப்பலகையில் பொறித்த வரிசை எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்து இல்லையென்றால் அது 1900 க்கு முந்தையது. இருந்தால், அந்த எழுத்தையும் எண்ணையும் கொண்டு எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று பட்டியலில் கண்டுபிடிக்கலாம். ஸ்காட்லாந்தில் சிங்கரின் கிளைடுபேங்க் ஆலை 1885 இல் திறந்து 1980 இல் மூடப்பட்டது. கீழ்நூல் வட்டப் பாபினுக்குப் பதிலாகப் படகு வடிவ ஷட்டிலுக்குள் நீளமான பாபினில் இருந்தால் மிஷின் பழைய வகையைச் சேர்ந்தது. அந்தப் பாபின் பக்கத்துக் கடையில் கிடைப்பது அரிது என்பதால், இருப்பதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.